பழைய சுண்ணாம்பு வீடு: பூசி ஓட்டுவதா, முறையாகப் பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா?

கடலூர் முதுநகரிலும், புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியிலும் மிச்சமிருக்கும் பழைய மெத்தை வீடுகளில், அதாவது மொட்டைமாடி வைத்த வீடுகளில், பெரும்பாலும் ஒரே பேச்சுதான் ஓடுகிறது. தாத்தா காலத்து வீடு, அப்பா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் வெள்ளையடித்துப் பார்த்துக்கொண்டார், இப்போது கீழே சுவர் உப்பரித்து உதிர்கிறது, மேலே மழைக்கு ஒழுகுகிறது, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது ஒருவர் இடித்துவிடலாம் என்பார், அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வார், சித்தப்பா சிமெண்ட் பூசி வாடகைக்கு விடலாம் என்பார், சாப்பாடு முடிந்ததும் அவரவர் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். எங்கள் முதுநகர் வீட்டிலும் இதே கதைதான். அதற்காகக் கொத்தனார், மேஸ்திரி, இன்ஜினியர், புதுச்சேரியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் என்று பலரிடம் கேட்டு, வேலை நடக்கிற வீடுகளுக்குள்ளும் நுழைந்து பார்த்ததில் எனக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கிறது.

வழி மூன்று என்பார்கள். ஒழுகுகிற இடத்தில் எதையாவது அடித்து, உதிர்கிற இடத்தில் சிமெண்ட் பூசி, நாலைந்து வருஷம் ஓட்டுவது முதல் வழி. எதைக்கொண்டு கட்டினார்களோ அதைக்கொண்டே, அதாவது சுண்ணாம்பு, செங்கல், மரம் என்று, பழுது பார்ப்பது இரண்டாவது. இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டுவது மூன்றாவது. முழு வீட்டுக்கும் சேர்த்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் சண்டைதான் வரும். சுவருக்கு வந்த நோய் வேறு, கூரைக்கு வந்தது வேறு, தெரு உயர்ந்துபோனதால் தரைக்கு வந்தது இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்படிப் பார்க்கும்போது எதை வைத்து எடை போடுவது? செலவு, ஆயுள் எல்லாம் சரி. ஆனால் வீட்டில் நிரந்தரமாக ஆள் இல்லாத குடும்பங்களுக்கு நான் முதலில் வைக்கிற கேள்வி, பழுது வந்தால் அது சீக்கிரம் கண்ணில் படுமா என்பதுதான். உள்ளேயே வளர்ந்து பத்து வருஷம் கழித்து மொத்தமாகத் தலையில் விழுகிற முறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சுவர்

நம் ஊர் பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் கருங்கல் கடைக்கால், அதற்கு மேல் ஒன்றரை அடிப் பருமனில் சுட்ட செங்கல் சுவர், இடையில் சுண்ணாம்புச் சாந்து, வெளியே சுண்ணாம்புக்காரை. உப்பங்கழிப் பக்கத்தில் கிளிஞ்சலைச் சுட்டே சுண்ணாம்பு எடுத்த ஊர்கள் இவை. இப்போது கட்டுகிற வீடுகளில் பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு பட்டை போடுகிறார்கள், அந்தக் காலத்தில் அது கிடையாது. கடலோரம், நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது, செங்கல் உறிஞ்சத்தான் செய்யும். ஓதம் எனப்படும் இந்த ஈரம் மூன்றடி நான்கடி வரைக்கும் ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியே போகும், போகும்போது தான் சுமந்து வந்த உப்பைப் பூச்சிலேயே விட்டுவிடும். அதனால் பூச்சு பொரிந்து உதிரும், செங்கல் தப்பித்துக்கொள்ளும். சுவரின் கீழ் மூன்றடிப் பூச்சு செலவாகித் தீர்வதற்காகவே பூசப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சில வருஷத்துக்கு ஒருமுறை அதை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பப் பூசுவார்கள்.

அந்த உதிர்வைப் பார்த்து, சுண்ணாம்புக்கு வலு இல்லை என்று சிமெண்ட் பூசுகிற பழக்கம் எப்போது வந்ததோ, அப்போதுதான் இந்த வீடுகளுக்குச் சனி பிடித்தது. சிமெண்ட் பூசிய முதல் ஒன்றிரண்டு வருஷம் சுவர் பளிச்சென்று இருக்கும். ஈரம் நின்றுவிடவில்லை, வெளியே போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. கீழே வழி இல்லாததால் அது மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேல் ஈரத்திட்டாகத் தெரியும். உடனே கொத்தனார் இன்னும் இரண்டடி உயரத்துக்குப் பூசச் சொல்வார். இதற்குள் உப்பு, பூச்சுக்குப் பின்னால் செங்கலின் முகத்திலேயே படிகமாகி வளர்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரியும். உளியைக் கொடுத்து நெம்பினால் பூச்சு பலகை பலகையாகப் பெயரும். பெயர்ந்த துண்டைத் திருப்பினால் பின்பக்கம் செங்கலின் தோல் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், நடுநடுவே பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு பூத்திருக்கும், சுவரில் மிச்சமிருக்கும் செங்கலை விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். பூச்சைக் காப்பாற்றப் போய்ச் செங்கலைச் செலவு செய்திருக்கிறோம். சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டினாலும், பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்தாலும் நடப்பது இதேதான், வேகம்தான் கொஞ்சம் கூடக்குறைய.

சரி, சுண்ணாம்பு என்று முடிவெடுத்தால் என்ன பாடு? உண்மையைச் சொல்ல வேண்டும், பாடு இருக்கிறது. நீர்த்த சுண்ணாம்பைக் குழியிலோ தொட்டியிலோ தண்ணீர் மூடியபடி நாள்கணக்கில் புளிக்க விட வேண்டும், எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது. கடுக்காயை உடைத்து ஊறவைத்த தண்ணீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்தெடுக்க வேண்டும், வெறும் மண்வெட்டியால் புரட்டினால் போதாது. பூச்சை ஒரேயடியாக முக்கால் அங்குலம் அப்பக்கூடாது, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு பூச்சு, அது இறுகியதும் அடுத்த பூச்சு. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. சுண்ணாம்பு அப்படியில்லை, காற்றில் இருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பக் கல்லாகிறது. அதனால் அவசரம் செல்லாது. வெயில் நேரடியாகப் பட்டால் வெடிக்கும், ஈரச் சாக்கு கட்டிவிட வேண்டும்.

எங்களிடம் விலை சொன்னவர்களில் யாருமே சிமெண்ட் பூச்சைவிட இரண்டு மடங்குக்குக் கீழே சொல்லவில்லை. பொருளைவிடக் கூலிதான் அதில் பெரும்பகுதி. இன்னொரு தலைவலி, ஆள். சுண்ணாம்பு வேலை தெரியும் என்று ஒப்புக்கொண்டு வருகிற கொத்தனார் இரண்டாவது நாளே, “கொஞ்சம் சிமெண்ட் சேர்த்துக்கிட்டா சீக்கிரம் இறுகிடும் தம்பி, யாருக்கும் தெரியாது” என்பார். யாருக்கும் தெரியாது, சுவருக்குத் தெரியும். சீக்கிரம் இறுக வேண்டுமானால் செங்கல் தூளைக் கூட்டச் சொல்லுங்கள், சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுகிற குணம் அதற்கே உண்டு. ஆள் எடுப்பதற்கு முன்னால் அவர் பூசிய சுவரைப் போய்ப் பார்ப்பது நல்லது. சாவியால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டால் சுண்ணாம்புக்காரை விட்டுக்கொடுக்கும், சிமெண்ட் கிரீச்சென்று சத்தம் போடும்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரு சமாதானம் உண்டு. வீடு முழுக்கப் பூச வேண்டிய கட்டாயம் இல்லை. ஓதம் ஏறுகிற கீழ்ப்பகுதிக்கும் மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவருக்கும்தான் சுண்ணாம்பு அவசியம். உள்ளே, காய்ந்த மேல்சுவரில் ஏற்கெனவே இருக்கிற சிமெண்ட் பூச்சு தட்டினால் கெட்டியாகச் சத்தம் கொடுத்தால் அதை விட்டுவிடலாம், கொத்தி எடுக்கப்போனால் நல்ல செங்கலும் சேர்ந்து உடையும். உப்பரித்த இடத்தைக் கொத்தி எடுத்த பிறகு உடனே பூசவும் கூடாது. ஒரு கோடை முழுக்கத் திறந்து போட்டுக் காயவிட்டு, பூத்து வரும் உப்பைத் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, அப்புறம் பூசினால்தான் நிற்கும். சுண்ணாம்பு பூசி, மேலே எமல்ஷன் அடித்துவிட்டால் செய்த செலவு அத்தனையும் வீண், வெள்ளைச் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். வருஷா வருஷம் தை பிறப்பதற்குள் வெள்ளையடித்ததற்குக் காரணம் அழகு மட்டுமில்லை, அந்த வீடுகளுக்கு அதுதான் பராமரிப்பு.

செம்புறாங்கல் சுவருள்ள வீடானாலும் இதே கணக்குதான். அது இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிற கல், அதை சிமெண்ட்டால் மூடுவது செங்கலை மூடுவதைவிட மோசம்.

ஆக, சுவரைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. சுண்ணாம்புப் பூச்சு கெட்டுப்போனால் மறுநாள் காலையில் பெருக்கும்போதே தெரியும், தரையில் தூள் கிடக்கும். சிமெண்ட் கெட்டுப்போனால் தெரிவதற்குள் சுவர் போயிருக்கும்.

தரையும் தெருவும்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, திண்ணைக்கு ஏற மூன்று படி இருந்த வீடுகளில் இப்போது ஒரு படிதான் மிச்சம், சில தெருக்களில் வீட்டுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலிலும் இதன் பலனைப் பார்த்தோம். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கம் புகுந்தது. அவ்வளவு பெரிய மழை இல்லாவிட்டாலும், தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்ட சுவர் வருஷம் முழுக்க ஈரத்தில்தான் நிற்கிறது.

இதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். உள்ளே தரையை உயர்த்துவது ஒன்று. பழைய வீடுகளில் கூரை பன்னிரண்டு அடிக்கு மேல் இருப்பதால் ஒன்றரை அடி ஏற்றினாலும் மூச்சு முட்டாது. ஆனால் வாசல் நிலைகள் குட்டையாகிவிடும், தேக்கு நிலையைக் கழற்றித் தூக்கி வைக்க ஆசாரி கூலி தனி, ஜன்னல் முழங்காலுக்கு வரும், சிவப்பு ஆக்சைடு தரை மண்ணுக்குள் போய்விடும். மேலே டைல்ஸ் ஒட்டினால் தரை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஈரமும் சுவருக்குத் திரும்பும். இன்னொன்று, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. சென்னையில் பல வீடுகளைத் தூக்கியிருக்கிறார்கள், வீடியோவில் பார்க்கும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கிற, கம்பி எதுவும் இல்லாத, கல்லும் செங்கலுமான கடைக்காலை அறுத்து இடையில் ஜாக்கி கொடுப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதுவும் இந்தத் தெருக்களில் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். ஒரு பக்கம் தூக்கினால் இன்னொருவர் வீடு என்ன ஆகும்?

எனக்குச் சரியாகப்படுவது இவை இரண்டும் இல்லை. வீட்டைச் சுற்றி, முடிந்த இடத்திலெல்லாம் சுவரை ஒட்டிய சிமெண்ட் தளத்தை உடைத்து எடுத்துவிட்டு, ஒரு அடி அகலத்துக்குப் பள்ளம் வெட்டி ஜல்லி நிரப்பி, தண்ணீர் சுவரை விட்டு விலகிப் போகிற மாதிரி வாட்டம் கொடுப்பது. வாசலில் ஒரு தடுப்பு. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு தெருவைவிடத் தாழ்ந்துபோயிருந்தால் ஒரு தொட்டி கட்டி மோட்டார் வைப்பது. பெரிய செலவில்லை. ஆனால் எந்தக் கொத்தனாரும் தானாக இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு இதில் வேலை குறைவு.

கூரை

கூரைக்கு வந்தால் என் உறுதி கொஞ்சம் தளர்கிறது. பழைய மெத்தை எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று புரியும். சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் ஒரு அங்குலப் பருமனுள்ள சின்னச் செங்கலை நிமிர்த்தி வைத்து, மூலையிலிருந்து குறுக்குச் சாய்வாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள், கீழே முட்டுப்பலகைகூட இல்லாமல். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை பதியாமல் எகிறித் திரும்புகிற வரைக்கும் தட்ட வேண்டும் என்பது கணக்கு. அதற்கு மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்தால் வேலை முடிந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று இன்ஜினியர்கள் சொல்வது இதைத்தான்.

இந்தக் கூரை ஒழுகினால் மொட்டைமாடியில்தான் காரணம் இருக்கும் என்று நினைத்து நேராகத் தார் ஷீட்டும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்டும் அடிக்கிறார்கள். முதலில் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். காக்கை போட்ட விதையில் முளைத்த அரசங்கன்று ஒன்று கட்டாயம் இருக்கும். கையால் பிடுங்கினால் தண்டு மட்டும்தான் வரும், அடுத்த மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும். அந்த இடத்துச் செங்கலைக் கழற்றி வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும். அடுத்தது தூம்பு வாய். இலையும் பந்தும் பிளாஸ்டிக் கவரும் அடைத்து மாடியில் குளம் கட்டி நிற்கும், அந்தக் குளத்துத் தண்ணீர் எங்கேயாவது வழி தேடும். நான் பார்த்த ஒழுகல்களில் பல இந்த இரண்டிலேயே தீர்ந்திருக்கின்றன. மிச்சம் ஒழுகினால் தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டி, செங்கல் தூள் சேர்த்த சுண்ணாம்புச் சாந்து நிரப்புவது.

மேலே தாரால் மூடினால், உள்ளே ஏற்கெனவே இருக்கிற ஈரம் கீழ்ப்பக்கம்தான் வர வேண்டும், அங்கே இருப்பது மரம். சட்டங்கள் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை, சுவருக்குள் சொருகியிருக்கிற தலைப்பகுதியில்தான் கெடும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டி ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்த்தால் போதும். நல்ல தேக்கு இடம் கொடுக்காது, உளுத்துப்போனது ஒரு அங்குலம் உள்ளே விடும். சுவரில் கரையானின் மண்கோடு ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஃபால்ஸ் சீலிங் போட்ட அறைகளில் இதெல்லாம் பார்க்கவே முடியாது. பழைய வீட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

சட்டங்களில் அங்கங்கே ஒன்றிரண்டுதான் கெட்டிருக்கிறது என்றால் பேச்சே இல்லை, பழைய கூரையைக் காப்பாற்றலாம். கெட்ட தலையை வெட்டி நல்ல மரத்தைச் சேர்த்து இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடுவார்கள், அல்லது பக்கத்திலேயே ஒரு துணைச் சட்டம் கொடுப்பார்கள். இடித்த வீட்டுத் தேக்கு பழைய மரக்கடைகளில் கிடைக்கிறது, புதுத் தேக்கைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு அறையில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றால்தான் உண்மையான யோசனை. அப்போது எதிரே நிற்பவை மூன்று: திரும்ப மரம், இரும்பு ஐ பீம், கான்கிரீட் தளம். மரம் போட்டு அதே முறையில் கட்ட முடிந்தால் நல்லது, ஆனால் அத்தனை சட்டத்துக்கும் தேக்கு வாங்குகிற வசதி எல்லோருக்கும் இல்லை. கான்கிரீட் கூடாது என்பவர்கள் சொல்கிற முதல் காரணம் எடை, பழைய சுவர் தாங்காது என்பார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ வரும், செங்கலும் ஜல்லியும் தட்டோடும் சேர்ந்த பழைய மெத்தையும் அதற்குக் குறைந்ததில்லை. நான் தயங்குவதற்குக் காரணம் வேறு. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும், துருப்பிடித்த கம்பி பருத்து, மூடியிருக்கிற கான்கிரீட்டை வெடித்துத் தள்ளும். கடற்கரையை ஒட்டி முப்பது வருஷத்துக்கு முன்பு கட்டிய வீடுகளின் சன்ஷேடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் துருக்கம்பி எத்தனை இடத்தில் தெரிகிறது என்பது புரியும். வெடிக்கிற நாள் வரை உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவும் தெரியாது. வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது கீழே இருக்கிற சுண்ணாம்புச் சுவரின் மேல்வரிசையில் விரிசல் விடுவதும் உண்டு.

அதனால் என் ஓட்டு ஐ பீமுக்கு. இரும்புதானே, அதுவும் துருப்பிடிக்குமே என்று கேட்கலாம். பிடிக்கும். ஆனால் அது வெளியே தெரிகிற இரும்பு, துரு கண்டால் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு அடித்துப் பெயிண்ட் அடிக்கலாம். நடுவில் பழைய முறையிலேயே செங்கலை நிமிர்த்தி வைத்துக் கட்டலாம், அல்லது கல்பலகை பதிக்கலாம். பீம் சுவரில் உட்காருகிற இடத்தில் ஒரு கருங்கல் துண்டு வைக்க வேண்டும், நேராகச் செங்கல் மேல் உட்கார்ந்தால் நசுக்கும். ஐ பீம் வேலை தெரிந்த ஃபேப்ரிகேட்டர் கிடைப்பதும் சுண்ணாம்புக் கொத்தனார் கிடைப்பதைவிட எளிது.

கூரைக்கு மேல் மெட்டல் ஷீட் போட்டுவிடுவது பற்றி ஒரு வார்த்தை. மழையையும் வெயிலையும் தடுக்கிறது, மாடியில் துணி காயும், செலவு குறைவு. ஆனால் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பறந்த தகரங்களைப் பார்த்தவர்கள், அந்தச் சட்டகத்தை எதில் முடுக்குகிறோம் என்று இரண்டு முறை யோசிப்பார்கள். பழைய கைப்பிடிச் சுவரில் முடுக்கினால் காற்று ஷீட்டோடு சுவரையும் கொண்டுபோகும். இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போட மட்டும் இது சரி.

இடிப்பது

இடிப்பதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். கடைக்கால் ஒரு பக்கம் இறங்கி, சுவர் சாய்ந்து, விரிசல் ஒவ்வொரு மழைக்கும் அகலமாகிக்கொண்டே போகிறது என்றால், வீட்டைக் காப்பாற்ற ஆகும் பணத்தில் புது வீடே வந்துவிடும். விரிசல் வளர்கிறதா என்று தெரிய, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள், கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. இதைச் செய்யாமலேயே, விரிசலைக் காட்டி இடிக்கச் சொல்கிற ஒப்பந்தக்காரர்கள் ஏராளம்.

2014 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது, பழைய கட்டடம் என்றாலே இப்படித்தான் என்று பலரும் சொன்னார்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், விழுவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே பழுதாகிக் கிடந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அதே ஊரில் வைசியாள் வீதி வரிசையைப் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் வீட்டுக்காரர்களும் அரசும், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து முகப்புகளையும் திண்ணைகளையும் சரிசெய்தார்கள், 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. விழுந்த கட்டடமும் இந்த வீடுகளும் சுண்ணாம்பிலும் செங்கலிலும் கட்டியவைதான், ஒன்றைப் பழுதாக விட்டார்கள், இன்னொன்றைச் சரிசெய்தார்கள்.

இடிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய காகித வேலையும் இருக்கிறது. புதுச்சேரியில் வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் நினைத்தபடி இடிக்க முடியாது, திட்டக் குழுமத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடற்கரைக்குப் பக்கம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். தெருவோடு ஒட்டி, பொதுச்சுவரோடு நிற்கிற மனையில் இன்றைய விதிப்படி இடம் விட்டுக் கட்டச் சொன்னால் பழைய அளவு வீடு திரும்ப வராமலும் போகலாம். இடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்கள் முதுநகரிலேயே இருக்கிறார்கள், மனை முள்வேலியோடு கிடக்கிறது.

இன்னொன்று, வெக்கை. ஒன்றரை அடிச் சுவரும் உயரமான கூரையும் முற்றமும் சேர்ந்து கத்திரி வெயிலில் மதியம் படுத்துத் தூங்க விடும். கான்கிரீட் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனல் அடிக்கும், ஏசி இல்லாமல் முடியாது. மாதாமாதம் வருகிற அந்தக் கரண்டு பில்லை யாரும் கட்டுமானச் செலவில் சேர்ப்பதில்லை.

நான் பார்த்ததில் குடும்பச் சண்டை குறைவாக முடிகிறது நடுவழியில்தான்: முன்கட்டையும் முற்றத்தையும் சுண்ணாம்பில் காப்பாற்றி, ஏற்கெனவே சிதைந்துவிட்ட பின்கட்டை மட்டும் இடித்து, அங்கே பாத்ரூமும் சமையலறையும் படுக்கையறையுமாகப் புதிதாகக் கட்டுவது. குளியலறைத் தண்ணீர் பழைய சுவரை விட்டு விலகிப்போவதே பெரிய லாபம். இதில் கவனிக்க வேண்டியது இணைப்பு. புதுக் கான்கிரீட் பீமைப் பழைய சுவரில் சொருக விடாதீர்கள், புதுக்கட்டடம் இறங்கும்போது பழையதையும் இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டு, மேலே தகரப் பட்டையால் மூடினால் போதும். பழைய கடைக்காலை ஒட்டிக் குழி வெட்டும்போது முழு நீளத்துக்கும் ஒரே நாளில் வெட்டக் கூடாது, நாலடி வெட்டிக் கட்டிவிட்டு அடுத்த நாலடி. ஜேசிபி விட்டுச் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

யாருமே வந்து இருக்கப் போவதில்லை, விற்பதா வைப்பதா என்றும் முடிவாகவில்லை, பங்காளிகள் கையெழுத்தும் சேரவில்லை என்றால் சுண்ணாம்பில் பணம் போட வேண்டாம். அப்போதைக்குச் செய்ய வேண்டியது அரசங்கன்றை எடுப்பது, தூம்பைச் சுத்தம் செய்வது, உடைந்த தட்டோட்டை மாற்றுவது, ஜன்னலைத் திறந்து மூட மாதம் ஒருமுறை ஒருவரை வரச் சொல்வது. இந்தச் சில ஆயிரத்தில் வீடு இன்னும் பல வருஷம் நிற்கும், முடிவைப் பிறகு எடுக்கலாம். சிமெண்ட் ஒட்டு மட்டும் அந்த இடைவெளியில் போட்டுவிடாதீர்கள், அதை நீக்கத்தான் பிற்பாடு அதிகம் செலவாகும்.

வேலை ஆரம்பிப்பதென்றால் தை பிறந்ததும் கூரை, மாசி பங்குனியில் தரையும் வடிகாலும், கொத்தி எடுத்த சுவரைச் சித்திரை வைகாசி வெயிலில் காயவிட்டு ஆனி ஆடியில் பூச்சு. ஐப்பசி அடைமழைக்குள் சுண்ணாம்புக்கு இரண்டு மாதமாவது காற்று கிடைத்திருக்க வேண்டும். புரட்டாசியில் வந்து பத்தே நாளில் பூசித் தருகிறேன் என்கிறவரிடம் தையில் வரச் சொல்லி அட்வான்ஸைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.